டெக்சாஸ் பார்பிக்யூவும் கலோரி, கார்ப் கணக்கும்: எந்தக் கறி யாருக்கு?

புகைக்குக் கலோரி கிடையாது. ஓக் கட்டையோ ஹிக்கரியோ ஆப்பிளோ, பன்னிரண்டு மணி நேரம் புகை ஏறினாலும் கறியில் ஒரு கிராம் மாவுச்சத்துகூடச் சேராது. அமெரிக்க பார்பிக்யூ டயட்டைக் கெடுக்கிறது என்றால், கெடுப்பது புகை அல்ல. எந்தத் துண்டை எடுத்தோம், அதில் எவ்வளவு கொழுப்பை விட்டோம், மேலே என்ன ஊற்றினோம், பக்கத்தில் என்ன வைத்துக்கொண்டோம் என்ற நான்கும்தான் தட்டின் கணக்கை எழுதுகின்றன.

இதில் முதலில் தெளிவாக வேண்டியது ஒன்று உண்டு. கலோரிக் கணக்கும் கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை) கணக்கும் ஒரே திசையில் போவதில்லை. மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோவிலோ கீட்டோவிலோ இருப்பவருக்குக் கொழுப்பு பிரச்சினையே இல்லை, சர்க்கரைதான் பிரச்சினை. எடை குறைக்கக் கலோரி எண்ணுபவருக்குக் கொழுப்புதான் பெரிய செலவு, ஏனென்றால் ஒரு கிராமுக்கு 9 கலோரி. சர்க்கரைக்கு 4தான். நீரிழிவு உள்ளவர் பெரும்பாலும் இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும். தன் கணக்கு எது என்று முடிவு செய்யாமல் 'எது நல்ல கறி' என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதல் தட்டில் பிரிஸ்கெட்டின் (மாட்டு நெஞ்சுக்கறி) கொழுப்பு மிகுந்த பகுதி 150 கிராம், ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், வினிகர் போட்ட முட்டைக்கோஸ். இரண்டாவதில் கொழுப்பே இல்லாத வான்கோழி நெஞ்சு 150 கிராம், நான்கு மேசைக்கரண்டி இனிப்பு சாஸ், அரை கப் பீன்ஸ் (இனிப்புச் சாஸில் வெந்த பயறு), ஒரு துண்டு சோளரொட்டி. முதலாவது ஏறக்குறைய 550 கலோரி, கார்ப் ஐந்தாறு கிராம். இரண்டாவது ஏறக்குறைய 700 கலோரி, கார்ப் 85 கிராமுக்கு மேல். வான்கோழியின் பங்கு அதில் 220 கலோரிகூட இல்லை. கறியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் சாஸும் ரொட்டியும் பீன்ஸும் தின்றுவிட்டன.

கறிகளின் கணக்கு

கீழே உள்ளவை வெந்த கறி 100 கிராமுக்கு, எலும்பு நீக்கி, சாஸ் இல்லாமல். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைகளை ஒட்டி முழு எண்ணாக்கியவை. துண்டுக்குத் துண்டு சற்று மாறும்.

| கறி | கலோரி | கொழுப்பு (கிராம்) | புரதம் (கிராம்) |
|---|---|---|---|
| வான்கோழி நெஞ்சு, தோலில்லாமல் | 145 | 2 | 30 |
| பன்றி டெண்டர்லாயின் (முதுகெலும்பை ஒட்டிய மென்தசை) | 145 | 3.5 | 26 |
| கோழி நெஞ்சு, தோலில்லாமல் | 165 | 3.5 | 31 |
| கோழித் தொடை, தோலில்லாமல் | 180–210 | 8–11 | 25 |
| கோழித் தொடை, தோலோடு | 230–250 | 15 | 24 |
| பிரிஸ்கெட் ஃபிளாட், கொழுப்பு நீக்கி | 200–220 | 7–9 | 32 |
| புல்டு போர்க் (பிய்த்த பன்றித் தோள்கறி) | 230–270 | 14–19 | 23–25 |
| பிரிஸ்கெட் பாயின்ட், கொழுப்போடு | 340–360 | 27 | 24 |
| பன்றி ஸ்பேர் ரிப்ஸ் (விலாக்கறி) | 370–400 | 30 | 28 |
| புகையிட்ட சாசேஜ் | 300–330 | 27 | 13 |

சாசேஜைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கார்ப் பூஜ்யம். சாசேஜில் மாவோ பால்பொடியோ சர்க்கரையோ சேர்த்திருக்கலாம் என்பதால் 2 முதல் 4 கிராம் வரலாம். கலோரிக்கு ஏற்ற புரதமும் அதில் இல்லை. இரண்டு கணக்கிலும் தோற்கும் கறி அதுதான் என்பதால் இத்தோடு அதை விட்டுவிடலாம்.

வான்கோழியா, டெண்டர்லாயினா, கோழியா?

கலோரி எண்ணுபவருக்கு இந்த மூன்றுக்குள்தான் போட்டி. நம் தேர்வு வான்கோழி நெஞ்சு. ஆனால் சரியாகச் செய்தால் மட்டும். பார்பிக்யூவில் அதிகம் கெட்டுப்போகும் கறியும் இதுவே. கொழுப்பு இல்லாத தசைக்கு ஈரத்தைக் காக்க ஒன்றுமில்லை. பிரிஸ்கெட்டில் பத்து டிகிரி கூடிப்போனால் கொழுப்பும் ஜெலட்டினும் காப்பாற்றும், வான்கோழியில் பத்து டிகிரி கூடினால் பஞ்சுதான்.

அதனால் முதல் வேலை உப்பு. எலும்பும் தோலும் இல்லாத நெஞ்சுக்கறி ஒரு கிலோ என்றால் 15 கிராம் உப்பு, 5 கிராம் கொரகொரப்பான மிளகு. கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும், ஏனென்றால் கல்லுப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை வரும். உப்பைத் தடவிக் கம்பித்தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிஜ்ஜில் 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். உப்பு முதலில் நீரை இழுக்கும், பிறகு அந்த நீரோடு உள்ளே போகும். தசைப் புரதத்தின் அமைப்பைத் தளர்த்தி, வேகும்போது சுருங்கி நீரைப் பிழிந்துவிடாமல் தடுக்கும். வாங்கும்போது லேபிளைப் படிப்பது முக்கியம். அமெரிக்கக் கடைகளில் வரும் வான்கோழி பலவற்றில் ஏற்கெனவே உப்புக் கரைசல் ஏற்றியிருப்பார்கள். லேபிளில் 'கரைசல்' என்ற சொல்லோடு ஒரு சதவீதம் இருந்தால் உப்பை 5 கிராமாகக் குறைத்துவிடுங்கள்.

ஸ்மோக்கர் (கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு) 250 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் (121–135 செல்சியஸ்). 225-இல் வைத்தால் மெதுவாக வேகும், மென்மையாக வரும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. இளக்குவதற்கு நெஞ்சுக்கறியில் கொலாஜன் (தசையைப் பிணைக்கும் புரதம்) பெரிதாக இல்லை. நேரம் கூடக் கூட மேற்பரப்பு காய்வதுதான் மிச்சம். கட்டையில் ஆப்பிள், செர்ரி அல்லது ஓக், கைமுட்டி அளவில் ஒன்றிரண்டு போதும். கோழி இனம் எல்லாமே புகையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வெள்ளையாகத் திரண்டு வரும் புகையில் வைத்தால் நாக்கில் கசப்பு ஒட்டும். கட்டை நன்றாகப் பற்றி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய நீலப் புகை வந்தபின் கறியை ஏற்றுங்கள்.

உள்வெப்பம் 140 (60 செல்சியஸ்) வந்ததும் இரட்டை ஃபாயிலில் கட்ட வேண்டும். டெக்சாஸ் கடைகளில் இந்த இடத்தில் வெண்ணெயைத் தாராளமாக வைத்துக் கட்டுவது வழக்கம். 100 கிராம் வெண்ணெயில் 717 கலோரி என்பதால், கடையில் வாங்கும் 'லீன்' வான்கோழி வீட்டில் செய்ததைவிடக் கனமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். வீட்டில் 60 மில்லி கோழிச்சாறும் 10 கிராம் வெண்ணெயும் போதும். 160 (71 செல்சியஸ்) தொட்டதும் வெளியே எடுத்துக் கட்டியபடியே அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். உள்ளே தங்கிய சூட்டிலேயே 165 (74) வந்துவிடும். வந்ததா என்று தெர்மாமீட்டரைத் தடித்த இடத்தில் செருகிப் பார்த்துவிட்டே வெட்டுங்கள், வரவில்லையென்றால் திரும்ப ஏற்றுங்கள். இழைக்குக் குறுக்கே 5 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகள். நெஞ்சின் அடியில் தனியாக ஒட்டியிருக்கும் சிறு தசை முன்பே வெந்துவிடும், அதனால் சமைப்பதற்கு முன்பே அதைப் பிரித்துத் தனியே வைத்து, முதலில் எடுத்துவிடுவது நல்லது.

பன்றி டெண்டர்லாயின் இதைவிடச் சுலபம். அரைக் கிலோ துண்டு, மேலிருக்கும் வெள்ளிச்சவ்வை உரித்துவிட்டு, 225–250-இல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், உள்வெப்பம் 145 (63 செல்சியஸ்), மூன்று நிமிட ஓய்வு. நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும், அது பாதுகாப்பானதே. ஒரு குறை உண்டு. நேரம் குறைவு என்பதால் புகைமணம் லேசாகத்தான் ஏறும். அதற்கு வழி, ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு நேரே ஸ்மோக்கரில் வைப்பது. குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். லாயின் வேறு, டெண்டர்லாயின் வேறு என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். லாயின் பெரிய துண்டு, விளிம்பில் கொழுப்புப் பட்டையோடு வரும்.

கோழி நெஞ்சு எண்களில் நன்றாக இருந்தாலும் ஸ்மோக்கரில் வைக்கத் தகுந்ததாக நாம் நினைக்கவில்லை. சிறியது, சீக்கிரம் காய்ந்துவிடும். கோழி வேண்டுமென்றால் தொடை. தோலோடு சமைத்து, தோலை எடுத்துவிட்டுச் சாப்பிட்டால் நூறு கிராமுக்கு 40, 50 கலோரி குறையும். தோலையும் சாப்பிட வேண்டுமென்றால் 300–325 டிகிரியில் (149–163 செல்சியஸ்) வையுங்கள். 225-இல் தோல் ரப்பராகவே இருக்கும், கொழுப்பும் உருகி வெளியேறாது. தொடை 175 (79 செல்சியஸ்) வரை போனால்தான் மூட்டுச் சவ்வு இளகும்.

பிரிஸ்கெட்: ஃபிளாட்டும் பாயின்ட்டும்

ஒரே கறியில் இரண்டு கணக்கும் அடங்கியது பிரிஸ்கெட். மாட்டின் நெஞ்சில் இரண்டு தசைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. தட்டையான ஃபிளாட் கொழுப்பு குறைந்தது, தடித்த பாயின்ட் கொழுப்பு ஊடுருவியது. இரண்டுக்கும் இடையே நூறு கிராமுக்கு 140 கலோரி வித்தியாசம். டெக்சாஸ் கடைகளில் கறியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், வெட்டுபவரிடம் 'லீன்' என்றால் ஃபிளாட், 'மாய்ஸ்ட்' அல்லது 'ஃபேட்டி' என்றால் பாயின்ட். கால் பவுண்டு என்றால் 113 கிராம். கலோரி எண்ணுபவர் கால் பவுண்டு லீன், கார்ப் மட்டும் பார்ப்பவர் எது பிடிக்கிறதோ அது.

வீட்டில் செய்பவர்கள் கலோரிக்காக ஃபிளாட்டை மட்டும், அதுவும் கொழுப்பை முழுதாக வழித்து விற்பதை வாங்கி வைக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து வருவது காய்ந்த பலகை. முழு பிரிஸ்கெட்டை, அதாவது 'பேக்கர் கட்' என்று விற்பதை (5 முதல் 7 கிலோ) வாங்கி, மேல்கொழுப்பை 6 மில்லிமீட்டருக்குச் சீவி, அப்படியே வேகவைத்து, பிறகு தட்டில் ஃபிளாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வழி. கொழுப்பைக் குறைப்பதற்கான இடம் சமைப்பதற்கு முந்தைய பலகை அல்ல, சாப்பிடும் தட்டு. இதே காரணத்துக்காக, கொழுப்பு குறைவு என்று அமெரிக்கத் தரவரிசையில் 'செலக்ட்' தரத்தை வாங்குவதையும் பரிந்துரைக்க மாட்டோம். 'சாய்ஸ்' அல்லது அதற்கு மேல் எடுங்கள்.

உப்பு, மிளகு தடவி 225–250-இல் வைத்தால் 150 முதல் 170 டிகிரிக்குள் (65–77 செல்சியஸ்) எங்கோ வெப்பம் ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வரும் நிலை இது, ஸ்மோக்கரில் கோளாறு இல்லை. பொருக்கு கருத்து, நகத்தால் சுரண்டினால் பெயராமல் இருந்தால் புட்சர் பேப்பரில் (கறிக்கடைத் தாள்) கட்டிவிடலாம். 203 (95 செல்சியஸ்) ஒரு வழிகாட்டி எண்தான். ஃபிளாட்டின் நடுவில் ஊசி தடையில்லாமல் இறங்குகிறதா என்பதே முடிவு. குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு.

இனி தட்டில் செய்ய வேண்டிய வேலை. பிரிஸ்கெட்டின் சுவையில் பாதி அந்தக் கருத்த பொருக்கில் இருக்கிறது, பொருக்கு உட்கார்ந்திருப்பதோ கொழுப்பின்மேல். கொழுப்பை ஒதுக்கினால் பொருக்கும் போய்விடுமே என்று பலர் அப்படியே தின்றுவிடுகிறார்கள். வில்லையின் மேல்விளிம்பில் பொருக்குக்குக் கீழே கத்தியை நுழைத்துப் பொருக்கை மட்டும் ஒரு பட்டையாக உரித்தெடுங்கள். அடியில் இருக்கும் மென்கொழுப்பைக் கத்தி முதுகால் வழித்துவிட்டு, பொருக்கைத் திரும்ப வில்லைமேல் வைத்துச் சாப்பிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு வழிந்தால் ஏறக்குறைய நூறு கலோரி போயிற்று, புகைமணமும் மிளகுக்காரமும் அப்படியே இருக்கும்.

பாயின்ட்டைச் சதுரங்களாக வெட்டிச் சாஸில் புரட்டித் திரும்ப வேகவைப்பது பர்ன்ட் எண்ட்ஸ், கேன்சஸ் சிட்டியின் பெருமை. கொழுப்பும் சர்க்கரையும் ஒன்றாகச் சேரும் இடம் அது. இரண்டு கணக்குக்காரர்களுக்கும் ருசிபார்க்க ஓரிரு துண்டுக்கு மேல் வேண்டாம்.

புல்டு போர்க்கும் ரிப்ஸும்

புல்டு போர்க்கின் பெரிய வசதி, கொழுப்பைக் கையாலேயே குறைக்க முடியும் என்பது. எலும்போடு 3.5 கிலோ தோள்கறி (பாஸ்டன் பட்), 225–250-இல் 10 முதல் 14 மணி நேரம், 165-இல் ஃபாயிலில் கட்டி 195–205 வரை (90–96 செல்சியஸ்). ஒரு மணி நேர ஓய்வுக்குப் பின் ஃபாயிலில் தேங்கிய சாற்றைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். அரை மணி நேரத்தில் கொழுப்பு மேலே திரண்டு உறையத் தொடங்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். அடியில் இருப்பது கிட்டத்தட்டக் கொழுப்பே இல்லாத, உப்பும் புகையும் ஏறிய சாறு. அதை ஊற்றிவிடாதீர்கள், கறிக்கு உயிர் அதுதான்.

கறியைப் பிய்க்கும்போது தசைகளுக்கு இடையில் ஓடும் கொழுப்புத் திரட்டுகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே போனால் 270-இலிருந்து 230 வரை இறங்கும். பிய்த்த கறி ஒரு கிலோவுக்கு அந்தச் சாறு 150 மில்லியும் வினிகர் சாஸ் 70 மில்லியும் ஊற்றிக் கிளறுங்கள். வினிகர் சாஸ் வட கரோலினாவின் கிழக்குப் பகுதிப் பாணி: அரை லிட்டர் ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி மிளகாய்ச் செதில், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒருநாள் ஊறல். இதில் சர்க்கரை இல்லை, கொழுப்பும் இல்லை. கொழுப்புக் கறியை வினிகரின் புளிப்பு வெட்டிவிடுவதால் இனிப்பு இல்லையே என்ற குறையும் தெரியாது. கடையில் வாங்குகிறீர்கள் என்றால், பல இடங்களில் புல்டு போர்க்கைச் சாஸில் கலந்தே வைத்திருப்பார்கள். 'சாஸ் தனியாக' என்று கேட்க வேண்டும்.

ரிப்ஸ் கலோரியில் உச்சம். கார்ப் கணக்குக்கு மட்டும் பொருந்தும், அதுவும் மெம்ஃபிஸ் பாணியில் சாஸ் இல்லாமல் மசாலாப் பொடி மட்டும் தூவிச் செய்தால். 1948-இல் தொடங்கிய ரெண்டெவூ போன்ற மெம்ஃபிஸ் கடைகளின் பெயரே இந்த உலர்ந்த ரிப்ஸால்தான். வீடுகளில் பரவலாக இருக்கும் '3-2-1' முறை வேறு: மூன்று மணி நேரம் புகை, இரண்டு மணி நேரம் பழுப்புச் சர்க்கரை, தேன், வெண்ணெய் சேர்த்து ஃபாயிலில், கடைசி ஒரு மணி நேரம் சாஸ் பூசி. பலரும் போடும் அளவில், கால் கப் சர்க்கரை, இரண்டு கரண்டி தேன், அரை கப் சாஸ் என்று கூட்டினால் ஒரு ராக்குக்குள் (முழு விலா வரிசை) போகும் சர்க்கரை நூறு கிராமைத் தாண்டும். ஒரு பகுதி ஃபாயிலில் தங்கினாலும் மிச்சம் கறியோடுதான். பூஜ்யம் கார்ப் என்று குறித்துக்கொண்டு இதைச் சாப்பிட்டால் அடுத்தநாள் சர்க்கரை அளவு ஏன் ஏறியது என்று புரியாது. ஃபாயிலில் சர்க்கரைக்குப் பதில் கால் கப் ஆப்பிள் சைடர் வினிகரும் தண்ணீரும் கலந்து ஊற்றினால் இளகும் வேலை அப்படியே நடக்கும். கறியை இளக்குவது நீராவி, சர்க்கரை அல்ல.

பொடிக்குப் பயப்பட வேண்டாம், சாஸுக்குப் பயப்படுங்கள்

பொடியில் சர்க்கரை இருக்கிறதே என்ற கவலை அதிகம், கணக்குப் போட்டால் அவ்வளவு இல்லை. தோள்கறி முழுவதற்கும் கால் கப் பழுப்புச் சர்க்கரை (55 கிராம்) தடவினால், வெந்தபின் இரண்டு கிலோ கறியில் அது பரவும். 150 கிராம் பரிமாறலுக்கு 4 கிராம். டெக்சாஸ் பாணியில் உப்பும் மிளகும் மட்டும் என்றால் அதுவும் இல்லை. கீட்டோவில் கறாராக இருந்து, ஆனாலும் இனிப்புப் பொருக்கு வேண்டும் என்பவர்கள் அல்லுலோஸ் என்ற மாற்றுச் சர்க்கரையைப் பயன்படுத்தலாம், சர்க்கரையைப் போலவே சிவக்கும். எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று சிவக்காது, ஆறினால் மணல்போல நறநறக்கும்.

சாஸ்தான் உண்மையான வேறுபாடு. கேன்சஸ் சிட்டி பாணியில் பாட்டிலில் வரும் தக்காளி, மொலாசஸ் (கரும்புப் பாகு) சாஸ் இரண்டு மேசைக்கரண்டியில் 60–70 கலோரி, 14–17 கிராம் கார்ப். இரண்டு கரண்டியோடு யாரும் நிறுத்துவதில்லை. தென் கரோலினாவின் கடுகு சாஸ் வீட்டில் சர்க்கரை இல்லாமல் செய்தால் ஓரிரு கிராம்தான், பாட்டிலில் வாங்குவதில் சர்க்கரை இருக்கும். அலபாமாவின் வெள்ளை சாஸில் மயோனைஸ், வினிகர், மிளகு. கார்ப் ஏறக்குறைய இல்லை, ஆனால் மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 90–100 கலோரி. கீட்டோக்காரருக்கு அருமையான தேர்வு, கலோரிக்காரருக்குப் பொறி.

தக்காளிச் சுவை வேண்டுமென்றால் வீட்டில்: தக்காளி பேஸ்ட் 170 கிராம் டப்பா ஒன்று, வினிகர் 120 மில்லி, தண்ணீர் 120 மில்லி, கடுகு பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, புகையிட்ட பாப்ரிக்கா இரண்டு தேக்கரண்டி, பூண்டுப்பொடி ஒரு தேக்கரண்டி, அல்லுலோஸ் 40 கிராம், உப்பு. பதினைந்து நிமிடம் சிறுதீயில். இரண்டு கரண்டிக்கு மூன்று கிராமுக்குள் கார்ப் வரும். அடுத்தநாள்தான் வினிகரின் கூர்மை அடங்கும், அதனால் முந்தைய நாளே செய்யுங்கள்.

பக்கத்தில் வைப்பவை பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு துண்டு சோளரொட்டி 28 கிராம் கார்ப், பீன்ஸ் அரை கப்பும் அதே அளவு, வெள்ளை ரொட்டி வில்லை ஒன்றுக்கு 13. ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், ஹாலபீனோ மிளகாய், வினிகர் கோஸ், காலர்ட் கீரை எல்லாம் இரு கணக்குக்கும் சரி. கிரீம் போட்ட கோஸ்லாவில் மயோனைஸோடு சர்க்கரையும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நிறுப்பதில் வரும் பிழை

கணக்கு வைப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது பச்சைக்கறி எடையும் வெந்த எடையும். பிரிஸ்கெட்டும் தோள்கறியும் சீவலும் நீரும் கொழுப்பும் போக 40 முதல் 50 சதவீதம் எடை இழக்கும். வான்கோழி 25 சதவீதம் அளவில். பொட்டலத்தின் லேபிளில் இருப்பது பச்சைக்கறிக்கான எண். அதை வெந்த 200 கிராமுக்குப் போட்டால் புரதமும் கலோரியும் இரண்டுமே குறைவாகக் காட்டும். செயலியில் பதியும்போது 'சமைத்தது' என்று இருக்கும் பதிவையே தேடி எடுத்து, எலும்பும் ஒதுக்கிய கொழுப்பும் போக நிறுத்து எழுதுங்கள்.

பார்பிக்யூ சாப்பிட்ட மறுநாள் தராசு ஏறிக் காட்டுவதும் வழக்கம். உப்பு இழுத்துவைத்த தண்ணீர் அது, இரண்டு மூன்று நாளில் இறங்கும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்புக் கரைசல் ஏற்றிய வான்கோழியும் சாசேஜும் அவர்களுக்கு ஆகாது.

கலோரியும் கார்ப்பும் சரியாக இருப்பதால் தினமும் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. அதன் வரையறையில் புகையிடுதலும் வருகிறது. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி என்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. கொழுப்பு நேரடியாக நெருப்பில் சொட்டி எழும் புகையைத் தவிர்ப்பது, அதாவது தீயும் கறியும் தனித்தனியே இருக்கும் ஸ்மோக்கரில் செய்வது, கொழுப்புச் சொட்டைத் தட்டில் பிடிப்பது, கருகிய பகுதியை வெட்டி எறிவது ஆகியவை பாதிப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. வாரத்தில் ஒருநாள் விருந்தாக வைத்துக்கொள்வதே நம் பரிந்துரை.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மான்ட்ரியலின் ஸ்மோக்டு மீட்டும் பிரிஸ்கெட்தான், ஆனால் உப்பு, மிளகு, கொத்தமல்லி விதை, கடுகு ஊறி, புகை ஏறி, பிறகு நீராவியில் வேகும். 1928 முதல் இருக்கும் ஷ்வார்ட்ஸ் போன்ற கடைகளில் லீன், மீடியம், ஃபேட் என்று கேட்டு வாங்கலாம். கறியில் கார்ப் சொற்பம். ரை ரொட்டி இரண்டு வில்லையில் 30 கிராம் வரும், ஆகவே தட்டில் கறியை மட்டும் கடுகோடும் ஊறுகாயோடும் வாங்குங்கள். உப்பு மட்டும் டெக்சாஸ் பிரிஸ்கெட்டைவிட மிக அதிகம்.

ஒரே வீட்டில் இரண்டு கணக்கும் இருந்தால், ஒருவர் கீட்டோ, மற்றவர் கலோரி என்றால், ஒரே ஸ்மோக்கரில் தோள்கறியும் வான்கோழியும் வைப்பது நல்ல ஏற்பாடு. இரண்டுக்கும் 250 டிகிரி ஒத்துவரும். முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குத் தோள்கறி ஏறட்டும். விடியற்காலையில் 165 கடந்ததும் ஃபாயிலில் கட்டி மேல்தட்டுக்கு மாற்றுங்கள். காலை ஒன்பதரைக்கு வான்கோழி கீழ்த்தட்டில். பச்சை வான்கோழியின் சாறு வெந்த கறியில் சொட்டக் கூடாது என்பதால் இந்த வரிசை மாறவே கூடாது. புதுக்கட்டை ஒன்று போட்டு, புகை மெலியும்வரை பொறுத்து வான்கோழியை வையுங்கள். பதினோரு மணி அளவில் தோள்கறி இறங்கி, துணி சுற்றிக் கூலர் பெட்டியில் ஓய்வெடுக்கும். பன்னிரண்டரை வாக்கில் வான்கோழியும் இறங்கினால் ஒரு மணிக்கு இரண்டும் இலைக்கு வந்துவிடும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் 120 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, தேதியும் எடையும் எழுதி ஃபிரிஜ்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.